படர்தாமரைக்கு டியூப் விற்றவன் சொல்கிறேன்

மன்னார்குடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். படர்தாமரைக்காக வருகிறவரை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். கூட்டம் கலையும்வரை அலமாரியில் இருக்கும் பல்பொடியையும் இருமல் மருந்தையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார். கடையில் பெண்கள் யாரும் இல்லை என்று உறுதியானதும் சட்டைப் பையிலிருந்து நசுங்கிய பழைய டியூபை எடுத்து மேசையில் வைப்பார். "இதே மாதிரி ஒன்று கொடுங்கள், அண்ணே." அவ்வளவுதான் பேச்சு. நானும் எடுத்துக் கொடுத்தேன். பல ஆண்டுகள் கொடுத்தேன்.

அந்த டியூபில் பூஞ்சை மருந்து, கிருமி மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும், சிவப்பைக் குறைக்கும். கைராசிக்காரன் என்று எனக்குப் பெயர். ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அதே ஸ்டீராய்டு அடக்கிவிடுவதால், பூஞ்சை கேட்பாரில்லாமல் பரவும். மூன்று வாரம் கழித்து அதே ஆள் இரண்டு மடங்கு பெரிய வட்டத்தோடு வருவார். நான் இன்னொரு டியூப் விற்பேன்.

என் மனைவிக்கு வந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் தொடங்கியது, எட்டு மாதத்தில் இடுப்பைச் சுற்றி வந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். காலி டியூப்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடைக்காரர் அம்மா இதை உங்களுக்குக் கொடுத்தது?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அந்த அறையில் கற்றுக்கொண்டதையும், பிறகு கடையில் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் அது படர்தாமரைதானா என்று பாருங்கள். ஓரம் சற்றுத் தடித்து, சிவந்து, பொருக்கு உதிர்ந்து, நடுப்பகுதி தெளிந்திருந்தால் பெரும்பாலும் அதுதான். வியர்த்தால் அரிப்பு கூடும். தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம், அக்குள், மார்பின் அடிப்பகுதி ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். முதுகிலும் மார்பிலும் வெளிர்ந்த திட்டுகளாக, அதிகம் அரிக்காமல் வருவது தேமல், அதற்கு வேறு வைத்தியம். இரவில் அரிப்பு தூக்கத்தைக் கெடுத்து, விரல் இடுக்கில் சிறு கொப்புளங்கள் இருந்து, வீட்டில் எல்லோரும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்கு. இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள்: நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரைப் பஞ்சால் திட்டைத் தொடச் சொல்லுங்கள். தொடுவது தெரியவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், அது தொழுநோயாக இருக்கலாம். அங்கே மாத்திரை இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகிவிடும்.

அடுத்து, வீட்டில் இருக்கும் டியூபைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு உத்தரவிட்டது. எத்தனை கடைகளில் சீட்டுக் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போலக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் முழுமையாக மறைவதில்லை. இருபது வயதுப் பையன்களிடம் அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்த அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தும்போது ஒரு சங்கடம் உண்டு. நான்கைந்து நாளில் சிவப்பும் அரிப்பும் பழையதைவிட ஏறும். புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் அங்கேதான் பழைய டியூபுக்கே திரும்புகிறார்கள். என் மனைவியிடம் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், இரவில் அரிப்புக்குத் தனி மாத்திரையும் கொடுத்திருந்தார். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். அதிக நாள், அதிக இடத்தில் பூசியவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிட்டு நிறுத்துவது நல்லது.

மருத்துவரிடம் போகும் அன்று அந்த இடத்தில் எதையும் பூசாதீர்கள். இதுவரை பூசியவை அத்தனையையும், பாட்டி அரைத்துக் கொடுத்த சீமை அகத்தி இலைவரை, மறைக்காமல் சொல்லுங்கள். பூண்டை நசுக்கி வைத்துத் தோலைப் பொசுக்கிக்கொண்டவர்கள் அதையும் சொல்ல வேண்டும். வட்டத்தின் ஓரத்தைப் பிளேடால் இலேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வலிக்காது. பூஞ்சை இருந்தால் கிளைவிட்ட நூல் இழைகள் போலத் தெரியும். எனக்கும் ஒருமுறை காட்டினார்கள்.

பெரும்பாலும் மாத்திரையும் களிம்பும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். டெர்பினாஃபின், இட்ராகொனசோல் என்ற இரண்டு பெயர்களைத்தான் என் கடைக்கு வரும் சீட்டுகளில் அதிகம் பார்க்கிறேன். முன்பு இரண்டு, மூன்று வாரத்தில் முடிந்த வைத்தியம் இப்போது ஆறு வாரம், எட்டு வாரம் என்று நீள்கிறது. நம் நாட்டில் பரவும் பூஞ்சையே மாறிவிட்டது. ஜப்பானில் நேபாளத்தையும் இந்தியாவையும் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்த மாதிரியிலிருந்து, டெர்பினாஃபினுக்கு மசியாத ஒரு வகையை 2020-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ட்ரைக்கோஃபைட்டான் இந்தோதினியே. நம் நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது, பெருமைப்படத்தான் முடியவில்லை.

இட்ராகொனசோலில் நம் மக்கள் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. அதைச் சோறு சாப்பிட்ட கையோடு விழுங்க வேண்டும், வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது உடம்பில் சேரும். நம் ஊரிலோ எந்த மாத்திரையோடும் காலையில் ஒரு 'கேஸ் மாத்திரை' போடுவது வழக்கம். அது அமிலத்தைக் குறைக்கும், விலை கொடுத்து வாங்கிய காப்ஸ்யூல் பயனில்லாமல் வெளியேறும். கேஸ் மாத்திரை கட்டாயம் தேவைப்படுகிறவர் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதய பலவீனம், கல்லீரல் கோளாறு, கொழுப்புக்கு எடுக்கும் மாத்திரை, கர்ப்பம், தாய்ப்பால் எதையும் விடாமல் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனை எழுதினால் காசு பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள், கல்லீரலைக் கவனிக்கத்தான் எழுதுகிறார். சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

களிம்பு பூசுவதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். அந்த அளவு இடத்தில் இரண்டு வேளை பூசினால் நாளுக்கு ஒரு கிராம், மாதத்துக்கு முப்பது கிராம். பத்து கிராம் டியூபை வாங்கி ஒன்றரை மாதம் ஓட்டிவிட்டு மருந்து கேட்கவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிவப்புக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளித் தொடங்கி உள்நோக்கிப் பூசுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டிப் போயிருக்கும். வட்டம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது.

துணி விஷயத்தில்தான் பாதி வைத்தியம் தோற்கிறது. அரைஞாண் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். எத்தனை குளித்தாலும் அந்தக் கயிறு முழுதாக உலராது, பூஞ்சை அதில் குடியிருக்கும். என் மாமனார் கயிறில்லாத இடுப்போடு இருக்க மாட்டேன் என்று ஒரு மாதம் பிடிவாதம் பிடித்தார். குணமாகும்வரை கழற்றிவைத்து, பிறகு புதுக் கயிறு கட்டுவது என்று பேசி முடித்தோம். உள்ளாடை, துண்டு, பாவாடை ஆகியவற்றைத் தனியாக வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் அரை ஈரத்தோடு உடுத்தாமல் இஸ்திரி போட்டு உடுத்துங்கள். ஜீன்ஸுக்கு இரண்டு மாதம் விடுமுறை. கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் போல இருந்தால் அதற்கும் மருந்து பூசுங்கள். உள்ளாடையைக் காலில் நுழைக்கும்போது பூஞ்சை பாதத்திலிருந்து தொடைக்கு ஏறிவிடும். வீட்டில் வேறு யாருக்காவது ஒரு சிறு வட்டம் இருந்தாலும் ஒரே சமயத்தில் வைத்தியம் தொடங்க வேண்டும். கணவனுக்கு மட்டும் பார்த்து மனைவிக்கு விட்டுவிட்டால் தீபாவளிக்குள் இருவரும் என் கடைக்கு வருவீர்கள்.

ஆறினபின் அந்த இடத்தில் கருமை மாதக்கணக்கில் நிற்கும். அது நோயில்லை. அதைப் போக்க வெளுப்பு கிரீம் கேட்டு வராதீர்கள், அவற்றிலும் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பு, பொருக்கு, தடித்த ஓரம் மூன்றில் ஒன்று திரும்பினால்தான் கவலைப்பட வேண்டும்.

நசுங்கிய டியூபோடு ஆட்கள் இன்னமும் வருகிறார்கள். இப்போது சீட்டுக் கேட்கிறேன், இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு நடக்கும் நாளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கிறேன். பாதிப் பேர் தாளை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் எதிர்க்கடைக்குப் போகிறார்கள்.