இளம் கால்பந்து வீரர்களின் கணுக்கால்: வளைவும் வலுவும்

11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கால்பந்து பயிற்சி தருபவர்கள், கணுக்காலுக்கான எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் ஓர் அளவை எடுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சுவரும் அரையடி ஸ்கேலும் போதும். ஸ்கேலின் ஒரு முனை சுவரைத் தொடும்படி தரையில் நேராக வைத்து, பிள்ளையை ஷூவைக் கழற்றிவிட்டு அதன் ஓரமாகப் பாதத்தை வைத்து நிற்கச் சொல்லுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை முன்னே மடக்கிச் சுவரைத் தொட முடிந்தால், பாதத்தை ஒரு சென்டிமீட்டர் பின்னுக்கு நகர்த்தி மறுபடியும் தொடச் சொல்லுங்கள். அப்படித் தொட முடிகிற கடைசி இடத்தில், பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரமே, கணுக்கால் எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் அந்தக் காலின் அளவு.

பெரியவர்களுக்கு 10 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் போதும் என்று கொள்வது வழக்கம். பிள்ளைகளின் பாதமும் காலும் சிறியவை என்பதால் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருக்காமல், இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது; வித்தியாசம் 2 சென்டிமீட்டரைத் தொட்டால் அளவு குறைந்த காலைத் தனியே கவனிக்க வேண்டும். அளக்கும்போது பிள்ளைகள் தங்களை அறியாமலே ஏமாற்றுவார்கள்: பாதம் வெளிப்பக்கம் திரும்பும், உள்வளைவு தரையில் சரியும், குதிகால் மயிரிழை அளவு மேலெழும். குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, முழங்கால் சுவரைத் தொடும் நேரத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். காகிதம் வந்துவிட்டால் அந்த அளவு செல்லாது.

என்னிடம் பயிற்சிக்கு வந்த 13 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வலது காலில் 11 சென்டிமீட்டர் இருந்தது. இடது காலில் காகிதம் நகராமல் 7 சென்டிமீட்டருக்கு மேல் போக முடியவில்லை. ஆறு மாதங்களுக்கு முன் அந்தக் கால் பிரண்டிருக்கிறது. வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று எண்ணி விளையாட வந்திருக்கிறான். ஒருமுறை பிரண்ட கால் மறுபடியும் பிரளும் வாய்ப்பு அதிகம் என்பதால், வலி போனதோடு இந்த வேலை முடிவதில்லை.

அடுத்ததாக, எங்கே இறுக்கமாக இருக்கிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். பின்பக்கம் கெண்டைக்காலில் இழுக்கிறது என்றால் அது தசையின் இறுக்கம். நீட்டிப்புப் பயிற்சியால் தளரும். கணுக்காலின் முன்பக்கத்தில் ஏதோ இடித்து நிற்பது போலவோ குத்துவது போலவோ இருக்கிறது என்றால் அது மூட்டு சம்பந்தப்பட்டது. அதை அழுத்தி வளைக்காமல் இயன்முறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் உள்ளன. மேலிருக்கும் தசை முழங்காலையும் கடந்து தொடையெலும்பில் போய்ச் சேர்வதால், முழங்காலை நீட்டியபடி சுவரைத் தள்ளி நிற்கும்போதுதான் அது நன்றாக இழுபடும். அடியிலுள்ள தசை முழங்காலுக்குக் கீழேயே தொடங்குவதால், அதே நிலையில் முழங்காலைச் சற்று மடக்கினால்தான் அதன் இழுவை தெரியும். ஆகவே இரண்டு விதமாகவும் 30 விநாடிகள் வீதம், ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று முறை, விளையாடி முடித்த பிறகு செய்யட்டும். விளையாடும் முன் இப்படி நெடுநேரம் இழுத்து நிற்பது, பாய்ந்து ஓடும் வேகத்தைச் சிறிது நேரத்துக்குக் குறைக்கும். அப்போது நடை, துள்ளல், மெல்லோட்டம் ஆகியவையே ஏற்றவை. ஒருவர் அமர்ந்திருக்க இன்னொருவர் பாதத்தை மிதித்து அழுத்தும் வழக்கத்தை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

வளைவு கிடைத்தால் மட்டும் போதாது. அந்த வளைவில் உடல் எடையைத் தாங்கும் பலமும் உடன் வர வேண்டும். இதற்கு நான் முதலிடம் கொடுப்பது படிக்கட்டில் செய்யும் குதிகால் தூக்கலுக்கு. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு கால்களாலும் மேலே எழும்பி, ஒரு காலால் மட்டும் மூன்று விநாடிகள் எடுத்து, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை மெதுவாக இறங்க வேண்டும். 8 முறையில் தொடங்கி, ஒரே காலால் 20 முறை ஏறி இறங்கும் நிலைக்குச் சில மாதங்களில் கொண்டுவரலாம். இதையும் முழங்காலை நீட்டி ஒரு சுற்று, மடக்கி ஒரு சுற்று எனச் செய்வது நல்லது. கால் பெரும்பாலும் உள்பக்கமாகவே பிரள்வதால், அதைத் தடுத்து வெளிப்பக்கம் இழுக்கும் தசைகளுக்குத் தனிப் பயிற்சி தேவை: சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய டியூபை நீளமாக வெட்டி, ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளியே தள்ளச் சொல்லுங்கள். முன்னங்கால் தசைக்கு 20 மீட்டர் குதிகால் நடை போதும்.

பிறகு ஒற்றைக் காலில் நிற்பது. முதலில் கண்ணைத் திறந்து 30 விநாடிகள், பின்னர் மூடிக்கொண்டு, அதன்பின் நின்றபடியே தோழன் உருட்டும் பந்தைத் திருப்பி அனுப்புவது. குதித்து இறங்கும் பயிற்சியில் சத்தத்தைக் கவனியுங்கள். 'தொப்' என்று விழுந்தால் கணுக்கால் வளைந்து கொடுக்கவில்லை என்று பொருள். வாரத்துக்கு மூன்று நாள், 15 நிமிடம் இவற்றுக்கு ஒதுக்கலாம். ஃபிஃபாவின் '11+' வார்ம்-அப் முறையிலும் சமநிலைப் பயிற்சியும் குதிப்பும் உள்ளன; 14 வயதுக்குட்பட்டவர்களுக்கென அதன் 'கிட்ஸ்' வடிவம் தனியே இருக்கிறது.

மாதம் ஒருமுறை சுவர் அளவை மறுபடி எடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதிலும் உயரம் மளமளவென்று கூடும்; எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காததால் அந்த மாதங்களில் அளவு குறையலாம். அது பிள்ளையின் சோம்பலால் வருவதன்று, திட்டக் கூடாது. இதே பருவத்தில் குதிகால் எலும்பின் பின்பகுதியில் வலி வருவதும் உண்டு. குதிகாலின் இரு பக்கங்களையும் விரல்களால் அழுத்தினால் பிள்ளை துள்ளினால், எலும்பின் வளர்ச்சிப் பகுதி எரிச்சலுற்றிருக்கலாம். மருத்துவரிடம் காட்டி, ஓட்டத்தையும் குதிப்பையும் குறைக்க வேண்டுமே தவிர நீட்டிப்பைக் கூட்டக் கூடாது.

கால் பிரண்டால் உடனே எண்ணெய் போட்டு நீவிவிடாதீர்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டெலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ தொட்டால் வலிக்கிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளிடம் ஜவ்வைக் காட்டிலும் எலும்பின் வளர்ச்சித் தகடே முதலில் சேதமடைய வாய்ப்புண்டு. ஆட்டத்துக்குத் திருப்பி அனுப்பும் முன், சுவர் அளவு மறுகாலுக்கு ஈடாக வந்திருக்கிறதா, பிரண்ட காலில் மட்டும் வலியின்றித் துள்ள முடிகிறதா, ஓடும்போது சட்டென்று திசை மாற்றத் தயங்குகிறானா என்று மூன்றையும் பாருங்கள். அந்தச் சிறுவனின் இடது கால் 10 சென்டிமீட்டரைத் தொடப் பதினோரு வாரங்கள் ஆயின; அதன்பிறகுதான் அவனை முழு ஆட்டத்தில் இறக்கினேன்.