பயனிலையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கும்போது கவனித்தேன். பயனிலை எது என்று கேட்டால் உடனே வினைச்சொல்லைத்தான் தேடுகிறாள். "அம்மா தோவாளையில் பிச்சிப்பூ வாங்கினாள்" என்றால் 'வாங்கினாள்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறாள். "இந்தப் பூ பிச்சி" என்றதும் திணறிப் போனாள். அதில் வினையே இல்லையே!

வினையைத் தேட வேண்டாம். எழுவாயை, அதாவது யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதைப் பிடித்துக்கொண்டு, "இதைப் பற்றி என்ன சொல்லி முடிக்கிறோம்?" என்று கேளுங்கள். வரும் பதில்தான் பயனிலை. இங்கே 'பிச்சி' பெயர்ப் பயனிலை. "பூ எங்கே?" என்றால் 'எங்கே' வினாப் பயனிலை. "வந்துட்டாளா அக்கா?" என்று பேச்சில் வரிசை புரண்டாலும் இந்தக் கேள்வி கைவிடாது.

வாதம் சரியா என்று ஆராயும் தருக்கத்தில் (லாஜிக்) பயனிலை இன்னும் அகலமானது. வாக்கியத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டுக் கோடு போடுங்கள்: "____ கடலோரத்தில் இருக்கிறது." மிச்சம் முழுவதும் பயனிலை. இப்படியே விட்டால் அது மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை. குளச்சல் என்று நிரப்பினால் மெய், தக்கலை என்றால் பொய். 1879-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் ஃப்ரெகே வகுத்த தருக்க முறைக்கு இந்தக் காலியிடம்தான் உயிர்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு கோடுள்ள பயனிலை: "____ ____க்கு மேற்கே உள்ளது." முதலில் குளச்சல், அடுத்து நாகர்கோவில் என்று எழுதினால் சரி. இடம் மாற்றி எழுதினால் தவறு. ஊர்ப் பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பிள்ளைகளையே மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.