பழைய மாருதி 800ல டெம்பரேச்சர், வோல்ட், ஆயில் பிரஷர் மீட்டர் நாமளே மாட்டுறது எப்படி

எங்க வீட்டு வண்டி 97 மாடல் மாருதி 800, கார்பரேட்டர், அப்பா வாங்கினது, குன்னூர்லயே ஓடுற வண்டி. போன வருஷம் மே மாசம் சீசன் நேரத்துல மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறிட்டு இருக்கோம், பர்லியார் தாண்டினதும் செம டிராஃபிக், ஃபர்ஸ்ட் கியர்ல நகர்றது நிக்கிறது நகர்றதுன்னு முக்கால் மணி நேரம், டேஷ்போர்டுல டெம்பரேச்சர் முள்ளு சிக்கும் எச்சுக்கும் நடுவுல ஒரு நூல் மேல, அவ்ளோதான், நானும் சரியா தான் இருக்குன்னு ஓட்டிட்டே வந்தேன். அடுத்த ரெண்டு வளைவுல பானட்ல இருந்து ஆவி. ரேடியேட்டர் ஃபேன் சுத்தவே இல்ல, சுவிட்ச் போயிருக்கு. ஹெட் கேஸ்கட் மாத்த வேண்டியதாச்சு. மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வி "எத்தனை டிகிரி போச்சு தம்பி?" எனக்கு பதில் தெரியல, அந்த மீட்டர்ல நம்பரே கிடையாதே.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நம்பர் காட்டுற மீட்டர் போடணும்னு. போட்டு பத்து மாசம் ஆச்சு. ஸ்பேனரும் மல்டிமீட்டரும் பிடிக்கத் தெரிஞ்சா போதும், ஒரு ஞாயித்துக்கிழமை வேலை தான்.

எந்த மீட்டர் முதல்ல

வண்டில ஓபிடி சாக்கெட் இருந்தா, ஸ்டீரிங்குக்குக் கீழ 16 பின் இருக்கும், வண்டி கம்ப்யூட்டர் தர்ற அளவுகளைப் படிக்கிற சாக்கெட் அது, ப்ளூடூத் அடாப்டர் சொருகி டெம்பரேச்சரும் வோல்ட்டும் போன்லயே பாத்துக்கலாம், அதுக்கு இந்த வேலை தேவையில்ல, ஆயில் பிரஷர் மட்டும் பெரும்பாலும் அதுல வராது. கார்பரேட்டர் வண்டில ஈசியூவே, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரே கிடையாது, அதனால ஒவ்வொண்ணுக்கும் தனி சென்சார் தான் போடணும்.

காசு ஒரு மீட்டருக்கு தான் இருக்குன்னா கண்ண மூடிட்டு டெம்பரேச்சர் வாங்குங்க. அடுத்தது வோல்ட் மீட்டர், அது விலையும் கம்மி வேலையும் கம்மி. மூணாவது ஆயில் பிரஷர். வேக்குவம் மீட்டர், அதாவது எஞ்சின் காத்தை உறிஞ்சுற பலத்தைக் காட்டுறது, ஆசை இருந்தா. 52 மில்லிமீட்டர் சைஸ் தான் எல்லா இடத்துலயும் கிடைக்கும், ஸ்டாண்டும் அந்த சைஸுக்கே வரும். மீட்டரையும் சென்சாரையும் ஒரே செட்டா வாங்குங்க, இது ரொம்ப முக்கியம், சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒண்ணோட சென்சாரை இன்னொண்ணோட மீட்டர்ல கொடுத்தா முள்ளு ஆடும் ஆனா காட்டுறது பொய். டேஷ்போர்டு மீட்டர் செய்யிற பிரிகால் நம்ம கோயமுத்தூர் கம்பெனி தான், அதனால கோயமுத்தூர் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகள்ல மீட்டர் பத்தி கேட்டா விவரமா சொல்றாங்க, ஒருதடவ நேர்ல போய் கையில பிடிச்சுப் பாத்து வாங்குங்க.

கூடவே வாங்க வேண்டியது: 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் நாலஞ்சு கலர்ல, ஃபியூஸ் ஹோல்டர், 3 ஆம்பியர் ஃபியூஸ், லக்கு (வயர் நுனில மாட்டுற உலோக முனை), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ரப்பர் குரோமெட், கேபிள் டை, ஹோஸ் கிளாம்ப்.

மாட்டுறதுக்கு முன்னாடி அடுப்புல ஒரு டெஸ்ட்

இத யாரும் செய்யிறதில்ல, ஆனா நம்ம ஊருக்கு இது கண்டிப்பா வேணும். மீட்டரை பேட்டரில கொடுத்து, சென்சார் டெர்மினலை மீட்டரோட சென்சார் வயர்ல சேர்த்து, சென்சாரோட பித்தளை உடம்புல ஒரு எர்த் வயர் சுத்தி பேட்டரி நெகட்டிவ்ல கொடுத்து, சென்சார் நுனிய மட்டும் கொதிக்கிற தண்ணில விடுங்க. டெர்மினல் நனையக்கூடாது. நான் அம்மாவோட பால் பாத்திரத்துல செஞ்சேன், முள்ளு மெதுவா ஏறி 94 கிட்ட நின்னுச்சு, தண்ணி தளதளன்னு கொதிக்குது ஆனா 100 போகல. மீட்டர் டூப்ளிகேட்னு நினைச்சு திருப்பிக் கொடுத்துறாதீங்க. மேல போகப் போக காத்தழுத்தம் கம்மி, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கொதிநிலை குறையும், குன்னூர் 1850 மீட்டர், அதனால இங்க தண்ணி 94லயே கொதிச்சுரும், ஊட்டில 92, 93. சோ குன்னூர்ல 94 காட்டினா உங்க மீட்டர் சரியான மீட்டர்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. ரேடியேட்டர் மூடில 0.9னு போட்டிருக்கும், வெளிய இருக்கிற காத்தழுத்தத்துக்கு மேல அவ்ளோ பிரஷரை, அதாவது கடல் மட்டக் காத்தழுத்தத்துல சுமார் 0.9 பங்கைத் தாங்கிப் பிடிக்கும்னு அர்த்தம். கடல் மட்டத்துல அந்த மூடிய போட்டா வெறும் தண்ணி சுமார் 118 வரைக்கும் கொதிக்காது, அதே மூடி ஊட்டில சுமார் 114 தான். கீழ ஓட்டுறவங்க சொல்ற லிமிட்ட விட நமக்கு நாலு டிகிரி கம்மி, மூடி ரப்பர் பழசாகி பிரஷர் பிடிக்கலேன்னா அதுவும் இல்ல. மீட்டர் வாங்குற அன்னைக்கே மூடியும் புதுசு வாங்கிருங்க.

டெம்பரேச்சர் சென்சார்

எஞ்சின் சுத்தமா ஆறியிருக்கணும், காலைல செய்யுங்க. பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு ஆரம்பிங்க.

ஒரிஜினல் சென்சாரைக் கழட்டிட்டு அந்த இடத்துல புதுசு போடலாம்னு சொல்வாங்க, நான் வேணாம்பேன், பழைய மீட்டரும் ஓடட்டும், காரணம் கீழ சொல்றேன். எஞ்சின்ல இருந்து ரேடியேட்டர் மேல் பக்கம் வர்ற ஹோஸை நடுவுல வெட்டி அலுமினியம் அடாப்டர் ஒண்ணு சேர்க்கணும், அதுல சென்சாருக்கு ஓட்டை போட்டே வரும். ஹோஸோட உள் அளவு எடுத்துட்டுப் போய் வாங்குங்க, 26, 28, 30, 32னு பல சைஸ் இருக்கு. கீழ ஒரு டப்பா வச்சு கூலண்டைப் பிடிங்க, ஹோஸை அடாப்டர் நீளத்துக்கு நடுவுல வெட்டி எடுங்க, ரெண்டு பக்கமும் சொருகி கிளாம்ப் போடுங்க.

இப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடம். சிங்கிள் வயர் சென்சாருக்கு எர்த் அதோட உடம்பு வழியா தான் போகணும். ஆனா அடாப்டருக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் ஹோஸ், எர்த் எங்க இருந்து வரும்? முள்ளு அசையாது. அடாப்டர் உடம்புல ஒரு ஸ்க்ரூ இருக்கும், இல்லேன்னா கிளாம்ப் அடில லக்க சொருகி, அங்க இருந்து ஒரு கறுப்பு வயர் எஞ்சின் பிளாக் போல்ட்டுக்கு. பெயிண்ட்டைச் சுரண்டிட்டு முடுக்குங்க, மேல கொஞ்சம் வாசலின் தடவுங்க, நம்ம ஊர் பனிக்கும் மழைக்கும் எர்த் பாயிண்ட் ஒரே சீசன்ல பச்சை பூத்துரும். சென்சார் த்ரெட்ல டெஃப்லான் டேப் நாலஞ்சு சுத்து சுத்தினாலும் இதே எர்த் பிரச்சினை வரும், ஒரு சுத்து போதும்.

உள்ள வயர் இழுக்கிறது

ஃபயர்வால்ல, அதாவது எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல, புது ஓட்டை போட வேணாம், சோக் கேபிளோ ஸ்பீடோ கேபிளோ வர்ற குரோமெட்லயே ஒரு வயருக்கு இடம் இருக்கும். புதுசா போட்டே ஆகணும்னா குரோமெட் இல்லாம வயர் விடவே கூடாது, தகரம் வயரை அறுத்து ஷார்ட் ஆகும். எக்ஸாஸ்ட் பக்கம் போகாம சுத்தி எடுங்க.

மீட்டர்ல பொதுவா நாலு வயர். ஒண்ணு சாவி போட்டா மட்டும் 12 வோல்ட் வர்ற இடத்துக்கு, அதை மல்டிமீட்டர் வச்சு ஃபியூஸ் பாக்ஸ்ல தேடுங்க, கண்டிப்பா 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியா. ஒண்ணு எர்த். ஒண்ணு சென்சாருக்கு. ஒண்ணு பார்க் லைட்டுக்கு, ராத்திரி மீட்டர் எரியறதுக்கு. வயரை முறுக்கி டேப் ஒட்டி விடாதீங்க, லக்கு போட்டு கிரிம்ப் பண்ணுங்க.

பேட்டரி மாட்டி சாவி போட்டதும் ஒரு செக்: சென்சார்ல இருந்து வயரைக் கழட்டி ரெண்டு செகண்ட் எர்த்ல தொடுங்க, முள்ளு ஃபுல் ஹாட்டுக்கு ஓடணும், எடுத்தா கீழ வரணும். ஓடினா வயரிங் சரி, கோளாறு இருந்தா சென்சார் பக்கம்.

வோல்ட் மீட்டருக்கு தனியா சொல்ல ஒண்ணும் இல்ல, அதே சாவி பிளஸ், அதே எர்த். எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது 12.6 ஃபுல் சார்ஜ், எஞ்சின் ஓடும்போது 13.8ல இருந்து 14.4. ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூணும் போட்டு 13க்குக் கீழ இறங்கினா ஆல்டர்னேட்டர் பெல்ட்டைப் பாருங்க. ஜனவரி உறைபனில காலைல ஸ்டார்ட் பண்ணும்போது 9.5க்குக் கீழ விழுந்தா பேட்டரி நாள் எண்ணுதுன்னு அர்த்தம்.

ஆயில் பிரஷர்

டேஷ்போர்டு சிவப்பு லைட் எரியும்போது பிரஷர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகியிருக்கும், அது எச்சரிக்கையே இல்ல, செத்தபிறகு வர்ற தந்தி. மெக்கானிக்கல் மீட்டர் வேணாம், அதுல சூடான ஆயில் சின்ன டியூப் வழியா வண்டிக்குள்ளயே வரும், டியூப் விட்டுச்சுன்னா கால்ல தான். எலக்ட்ரிக் சென்சார் எடுங்க.

எஞ்சின் பிளாக்குல இருக்கிற ஆயில் சுவிட்சைக் கழட்டி ஒரு டி பீஸ் (T வடிவ இணைப்பு) போட்டு, பழைய சுவிட்சும் புது சென்சாரும் ரெண்டும் மாட்டணும். த்ரெட் பாருங்க: ஜப்பான் டிசைன் எஞ்சின்ல பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி, இன்ச்சுக்கு 28 புரி, கடைல கிடைக்கிற சென்சார் நிறைய 1/8 என்பிடி, 27 புரி. கண்ணுக்கு ஒண்ணு போலவே இருக்கும், ரெண்டு சுத்து சுகமா ஏறும், அப்புறம் இறுகும், பலமா முடுக்கினா பிளாக்கோட த்ரெட் போச்சு. கையால நாலு சுத்தாவது ஏறலேன்னா நிறுத்திட்டு அடாப்டர் வாங்குங்க. இந்த ஒரு வேலைல சந்தேகம் இருந்தா மெக்கானிக்கக் கூப்பிடுங்க, தப்பே இல்ல.

ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல பத்து நிமிஷம் விட்டு லீக் பாருங்க. சூடான எஞ்சினுக்கு 1000 ஆர்பிஎம்முக்கு சுமார் 10 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) இருக்கணும்னு ஒரு கைக்கணக்கு உண்டு.

வேக்குவம் மீட்டர் போடுறவங்க இன்டேக் மேனிஃபோல்டுல இருந்து நேரா எடுங்க, பிரேக் பூஸ்டர் ஹோஸ்ல மட்டும் கை வைக்காதீங்க, மலை எறக்கத்துல அது கழண்டா பிரேக் கல்லாயிடும். புத்தகத்துல ஐடில் 17ல இருந்து 21 இன்ச்னு (பாதரச இன்ச்) இருக்கும், ஆயிரம் அடிக்கு ஒரு இன்ச் கழிங்க, குன்னூர் ஆறாயிரம் அடி, சோ 11ல இருந்து 15 வந்தா எஞ்சின் நல்லா தான் இருக்கு. முள்ளு நடுங்காம நிக்குதான்னு பாக்கிறது தான் முக்கியம்.

மாட்டின பிறகு

பழைய மீட்டரை விட்டு வைக்க சொன்னேன்ல, அதோட சென்சார் எஞ்சின்லயே இருக்கு, புதுசு வெளிய ஹோஸ்ல இருக்கு, காரணம் ரெண்டு. ஹோஸ்ல இருக்கிற சென்சாருக்கு தெர்மோஸ்டாட் (கூலண்ட் சூடானதும் திறக்கிற வால்வு) திறக்கிற வரைக்கும் சூடு தண்ணி வராது, அதனால ரொம்ப நேரம் கீழயே இருந்துட்டு திடீர்னு 80க்கு மேல குதிக்கும், பயப்படாதீங்க. ரெண்டாவது ஆபத்தான விஷயம், கூலண்ட் மொத்தமா ஒழுகிட்டா ஹோஸ் காலி, சென்சார் வெறும் காத்துல நிக்கும், எஞ்சின் வேகும்போது புது மீட்டர் கம்மியா காட்டும். ஏத்தத்துல முள்ளு காரணமே இல்லாம கீழ இறங்கினா சந்தோஷப்படாம ஓரம் கட்டுங்க.

முதல் வாரம் ஒரு நோட்டு வச்சு எழுதுங்க. பர்லியார்ல எவ்வளவு, காட்டேரி பூங்காகிட்ட எவ்வளவு, ஃபேன் எத்தனைல ஆன் ஆகுது. என் வண்டில ஃபேன் 93ல சுத்தும், 88ல நிக்கும், செகண்ட் கியர் ஏத்தத்துல 90, 91. இது தெரிஞ்ச பிறகு டயல்ல 98 கிட்ட சின்னதா சிவப்பு டேப் ஒட்டினேன். அது தாண்டினா ஹீட்டரை ஃபுல்லா போட்டு கண்ணாடிய இறக்கிருவேன், அதுவே ஒரு குட்டி ரேடியேட்டர் தான், ரெண்டு மூணு டிகிரி இறங்கும். அப்பவும் இறங்கலேன்னா அகலமான வளைவா பாத்து ஓரம் கட்டி, அரை மணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடிய தொடாம டீ குடிக்கிறது. இந்த மே மாசம் அதே பர்லியார் டிராஃபிக்ல 97 வரைக்கும் ஏறுச்சு, ஹீட்டர் போட்டேன், 94, பக்கத்துல உக்காந்து அம்மா தான் நம்பர் படிச்சுட்டே வந்தாங்க.