‘ஆட்டம் லீவ்ஸ்’ கற்கலாம்: முதலில் பாடுங்கள்

ஜாஸ் கற்க வருபவர்கள் முதல் நாளே கார்டுகளை (chord: சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) தேடி ஓடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஜோசப் கோஸ்மா 1945-இல் பிரான்சில் இசையமைத்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ (Autumn Leaves) பாடலின் மெட்டை வாயால் பாடத் தெரிந்துவிட்டால், பாதிக் கார்டுகள் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

இரண்டு மூன்று நாள்கள் கருவியைத் தொடாதீர்கள். யீவ் மோன்தான் பிரெஞ்சில் பாடியதையும் நாட் கிங் கோல் ஆங்கிலத்தில் பாடியதையும் மெட்டு மனத்தில் ஊறும்வரை கேளுங்கள்.

அடுத்து, ஜி-யை ‘ச’வாக வைத்துக்கொண்டு முதல் எட்டு பார்களை (bar: தாளத்தின் ஒரு சுற்று) ஸ்வரமாகப் பாடுங்கள்:

சரிகத, நிசரிப, தநிசம, பதநிக.

ஒவ்வொரு துணுக்கும் மூன்று படி ஏறி ஒரு தாவு தாவுகிறது. கடைசித் துணுக்கின் த, நி மட்டும் சற்று உயர்ந்தவை. ஒவ்வொரு பாரிலும் நான்கு தட்டுகள். முதல் தட்டை விட்டுவிட்டு இரண்டாவதில் ‘ச’ தொடங்குங்கள். ‘த’ அடுத்த பாரின் முதல் தட்டில் சரியாக வந்து அமரும்.

இப்போது தாவி நிற்கும் ஸ்வரங்களை மட்டும் கேளுங்கள்: த, ப, ம, க. துணுக்குகள் ஏறினாலும் பாடல் இறங்கிக்கொண்டே இருக்கிறது! எனக்கு இந்தப் பாட்டின் உயிரே இதுதான். பியானோவில் ‘த’வுக்கு அடியில் சி மைனர் செவன் கார்டை வையுங்கள், ‘த’ அதன் மூன்றாம் ஸ்வரம். ‘த’வை விடாமல் எஃப் செவனுக்கு மாறுங்கள், அதே ‘த’ இப்போது ஏழாம் ஸ்வரம். இதேபோல ‘ப’வுக்கு பி ஃபிளாட் மேஜர் செவன், ஈ ஃபிளாட் மேஜர் செவன். ‘ம’வுக்கு ஏ ஹாஃப் டிமினிஷ்ட், டி செவன். ‘க’ வரும்போது ஜி மைனரில் வீடு திரும்பியிருப்பீர்கள்.

இனி 1958-இல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி செய்த பதிவு. முன்னிசை நீளமானது; காத்திருங்கள். அதில் மைல்ஸ் டேவிஸ் மியூட் (ஒலியைத் தணிக்கும் அடைப்பு) பொருத்திய டிரம்பெட்டில் மெட்டைத் தொடும்போது, ஸ்வரங்களுக்கு நடுவே அவர் விடும் மௌனத்தையும் சேர்த்துப் பாடிப் பழகுங்கள். ஆடர்லியின் சோலோவிலிருந்து நான்கே நான்கு பார்களைக் காதால் பிடித்தால் போதும்.

பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு செய்த 1959 பதிவு கடினமானது. பியானோவும் ஸ்காட் லாஃபாரோவின் பாஸும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் இடத்தில் பாடலின் 32 பார்களின் கணக்குத் தவறிவிடும். மெட்டை மனத்துக்குள் பாடிக்கொண்டே கேளுங்கள், இடம் தவறாது.

பயிற்சிக்கு, கூடவே வாசித்துப் பழக ஜேமி ஏபர்சோல்ட் வெளியிட்ட பின்னணி இசை வரிசையின் 44-ஆவது தொகுதி நல்லது. ஸ்டீரியோவில் பியானோ ஒலிக்கும் பக்கத்தை அணைத்துவிட்டு, பாஸையும் டிரம்ஸையும் மட்டும் கேட்டபடி முழுப் பாடலையும் பாடுங்கள். இரண்டாம் சுற்றின் ‘சரிகத’வைத் தட்டுத் தவறாமல் பிடித்த அன்று, கருவியை எடுங்கள்.