பிக்கப் டிரக்கில் ஹெடர் மாற்றுவதற்கு முன்

அமெரிக்காவில் 5.3 லிட்டர் வி8 இஞ்சின் கொண்ட செவர்லே சில்வராடோ பிக்கப்பை வைத்திருப்போர் பலர், இஞ்சினின் புகையைத் திரட்டி வெளியேற்றும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும், தனித்தனிக் குழாய்களால் ஆன ஹெடரைப் பொருத்த எண்ணுவதுண்டு. பாரம் இழுக்கும் வண்டிக்கு வேண்டியது இஞ்சினின் குறைந்த சுழற்சி வேகத்தில் கிடைக்கும் டார்க், அதாவது சுழற்றும் விசை. ஹெடரின் ஆதாயமோ பெரும்பாலும் இஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் தெரியும். குட்டைக் குழாய் ஹெடரால் ஓட்டுபவர் உணரும் வித்தியாசம் சொற்பமே, ஓசை மாறுவதைத்தான் பலர் ஆற்றல் கூடியதாக எண்ணிக்கொள்கிறார்கள். நீள்குழாய் வகை உண்மையிலேயே கூடுதல் ஆற்றல் தரும் என்றாலும், அதற்காகப் புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை இடம் மாற்றவோ அகற்றவோ நேர்வதால், சாலையில் ஓடும் வண்டிக்குச் சட்டச் சிக்கல் வரும். இஞ்சின் கணினியையும் மறுபடி ட்யூன் செய்ய வேண்டியிருக்கும். கலிஃபோர்னியாவில் வாங்குவோர், சாலை வண்டியில் பொருத்த அனுமதி உண்டு என்பதைக் காட்டும், மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு ஆணை எண் அந்த ஹெடருக்கு உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்ற ஓசை எழுந்து, சூடேறியபின் அடங்கினால், இந்த இஞ்சின்களில் அடிக்கடி நிகழ்வதுபோல மேனிஃபோல்டை இஞ்சினோடு இணைக்கும் போல்ட் முறிந்து, அங்கே புகை கசிந்துகொண்டிருக்கக்கூடும். முறிந்த போல்டை எடுக்க எப்படியும் கூலி கொடுக்கப்போகும் அந்த வேளையில், துருப்பிடிக்காத எஃகாலான குட்டைக் குழாய் ஹெடரைப் பொருத்திக்கொள்வது நியாயமான செலவாகும்.