அடையாள அட்டை கையில் இல்லாமல் உள்நாட்டு விமானம் ஏற

பர்ஸ் வீட்டு மேசையில் கிடக்கிறது, நீங்கள் மீனம்பாக்கத்தில் நிற்கிறீர்கள். டிக்கெட்டை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது. முனைய வாசலில் இருக்கும் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) வீரர் டிக்கெட்டில் உள்ள பெயரையும் அட்டையில் உள்ள பெயரையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விடுவார். அவர் மனம் இளகிப் பயனில்லை, விதி அவர் கையில் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் அட்டை இல்லை என்பதாலேயே ஆவணம் இல்லை என்று ஆகிவிடாது. போன் கையில் இருந்து, ஆதாரோடு இணைத்த எண்ணும் அதிலேயே இருந்தால், பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான்.

முதலில் எதெல்லாம் செல்லும் என்று பார்த்துவிடுவோம். சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2017-ல் 10 வகை அடையாளங்களைப் பட்டியலிட்டது. அன்றாடம் கைகொடுப்பவை ஆதார் அல்லது எம்-ஆதார் (ஆதாரின் போன் செயலி வடிவம்), வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகிய ஐந்து. அவசரத்தில் பலருக்கு நினைவுக்கு வராதவையும் அந்தப் பட்டியலில் உண்டு: தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக், புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அட்டை, அரசுப் பணி அடையாள அட்டை, அரசுக் கல்வி நிறுவனத்தின் மாணவர் அட்டை. தாத்தாவின் ஆதார் கிடைக்கவில்லை என்று வீட்டையே புரட்டிப் போடுவதற்கு முன், அவருடைய பென்ஷன் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். ஜெராக்ஸ் செல்லாது. போன் கேலரியில் இருக்கும் ஆதார் படமும் ஜெராக்ஸ் மாதிரிதான். காலாவதியான பாஸ்போர்ட்டை நம்பிக் கிளம்பாதீர்கள்.

இனி போன் வழி. ஆவணங்களைப் போனில் வைத்துக்கொள்ள மத்திய அரசு தரும் டிஜிலாக்கர் செயலியைத் திறந்து, மொபைல் எண்ணும் 6 இலக்க ரகசிய எண்ணும் கொடுத்து உள்ளே போங்கள். ரகசிய எண் மறந்திருந்தால் ஓ.டி.பி. மூலம் மாற்றிக்கொள்ளலாம். கணக்கே இல்லையென்றால் ஆதார் எண்ணை வைத்து அங்கேயே நின்றபடி தொடங்கிவிடலாம். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அரசுத் துறையே வழங்கிய ஆவணங்கள், இன்னொன்று நீங்களாக ஸ்கேன் செய்து ஏற்றியவை. சட்டப்படி மூல ஆவணத்துக்குச் சமம் முதல் பகுதியில் இருப்பவை மட்டுமே. ‘டிஜிலாக்கரில் இருக்கிறதே’ என்று வாசலில் வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பகுதியைத்தான் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஓட்டுநர் உரிமத்தை எண்ணைக் கொடுத்துப் போக்குவரத்துத் துறையிலிருந்து இழுக்க வேண்டும், பான் அட்டையையும் அப்படித்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள், செயலியையே திறந்து காட்டுங்கள். வரிசையில் நிற்கும்போதே திறந்து வைத்துக்கொள்வது நல்லது. வாசலில் சிக்னல் தடுமாறும், பின்னால் நிற்பவர்களின் பொறுமையும்தான்.

இ-ஆதார் இன்னொரு வழி. ஆதார் ஆணையத்தின் தளத்தில் 12 இலக்க எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்தால் பி.டி.எஃப். இறங்கும். அதைத் திறக்கும் கடவுச்சொல்லில்தான் நம்மவர்கள் திணறுவார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு, மொத்தம் 8. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருந்தால் புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கு, இடைவெளி கணக்கில் இல்லை. பி. குமார் என்றால் பி, புள்ளி, கே, யூ, பிறகு ஆண்டு. எண்ணே நினைவில் இல்லையென்றால், பெயரும் பதிவு செய்த மொபைல் எண்ணும் கொடுத்து அதே தளத்தில் மீட்கலாம்.

போனும் பர்ஸும் சேர்ந்தே தொலைந்திருந்தால் சிக்கல் வேறு. டூப்ளிகேட் சிம் அன்றே கிடைக்கும், ஆனால் மோசடியைத் தடுக்க அந்த எண்ணுக்கு 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். நிறுத்தி வைக்கப்படும். அதுவரை ஓ.டி.பி. வராது. இது தெரியாமல் காலையில் சிம் வாங்கிவிட்டு மாலை விமானத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. விமானத்துக்கு நேரம் இருந்தால் ஆதார் சேவை மையத்துக்குப் போங்கள். கைரேகை வைத்தால் ஓ.டி.பி. இல்லாமலே இ-ஆதாரை அச்சிட்டுத் தருவார்கள். காவல்துறையின் தொலைந்த ஆவண அறிக்கையையும் வாங்கி வையுங்கள். ஆனால் அது புது அட்டைக்கு விண்ணப்பிக்கத்தான் உதவும், விமானநிலைய வாசலில் அடையாளமாகச் செல்லாது.

பட்டியலில் உள்ள எதுவுமே இல்லாதவருக்கும் விதியில் ஒரு வழி உண்டு: மத்திய அல்லது மாநில அரசின் குரூப் ஏ (உயர்நிலைப் பிரிவு) கெசட்டட் அதிகாரி தன் லெட்டர்ஹெட்டில், உங்கள் புகைப்படம் ஒட்டிச் சான்றொப்பமிட்டுத் தரும் அடையாளச் சான்று. பச்சை மையில் கையெழுத்துப் போடும் எல்லோரும் குரூப் ஏ அல்ல, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினாலோ, புகைப்படம் இல்லாமல் போனாலோ அலைச்சல்தான் மிச்சம்.

பெற்றோருடனோ காப்பாளருடனோ வரும் குழந்தைகளுக்கு, பெரியவரின் அட்டை சரியாக இருந்தால் தனி அடையாளம் கேட்பதில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது வயதுக்காக விமான நிறுவனம் கேட்பது.

அட்டை கையில் இருந்தும் திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் தமிழர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். ஆதாரில் ‘முருகன் எஸ்’, டிக்கெட்டில் ‘செல்வராஜ் முருகன்’. வடக்கே ஒரு விமானநிலையத்தில் நிற்கும் வீரருக்கு எஸ் என்றால் செல்வராஜ் என்று நாம் சொன்னால்தான் தெரியும். பலருடைய ஆதாரில் முகவரியின் முதல் வரியிலேயே தந்தை பெயர் இருக்கும், அதைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். முன்பதிவு செய்யும்போதே, எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் இருப்பதை அப்படியே இடுவதுதான் சரி. கல்யாணத்துக்குப் பிறகு ஓர் அட்டையில் கணவர் பெயரும் இன்னொன்றில் அப்பா பெயரும் வைத்திருக்கும் பெண்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். எழுத்துப்பிழை என்றால், விமான நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்த டிக்கெட்டாக இருந்து, முன்பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் சொன்னால் விமான நிறுவனம் கட்டணமில்லாமல் திருத்த வேண்டும். ஆளையே மாற்ற முடியாது.

சென்னை, கோவை உள்ளிட்ட விமானநிலையங்களில் டிஜி யாத்ரா என்ற முக அடையாள வசதி இருக்கிறது. ஆதாரை வைத்து முன்கூட்டிப் பதிவு செய்து, போர்டிங் பாஸையும் செயலியில் ஏற்றியிருந்தால் முகத்தைக் காட்டியே வாசலைக் கடக்கலாம். இயந்திரம் முகத்தை ஏற்கவில்லை என்றால் பழைய வரிசைதான், அங்கே மறுபடி அட்டை கேட்பார்கள். அதனால் இதை மட்டுமே நம்பி வெறுங்கையோடு கிளம்ப வேண்டாம்.

கடைசியில் நேரக் கணக்கு. உள்நாட்டு விமானங்களுக்குச் செக்-இன் கவுன்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு மூடும், போர்டிங் கேட் 25 நிமிடம் முன்பு. வீட்டிலிருந்து அட்டையை யாராவது பைக்கில் கொண்டுவருகிறார் என்றால் இந்த 60-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள், புறப்படும் நேரத்தை வைத்து அல்ல. வந்து சேராது என்று தெரிந்துவிட்டால் வாசலிலேயே காத்திருக்காமல் உடனே விமான நிறுவனத்தை அழைத்துத் தேதியை மாற்றுங்கள். புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே அந்த வசதியை மூடிவிடுவார்கள். அதன் பிறகு வராத பயணி என்று குறித்துவிடுவார்கள், கட்டணம் போய்விடும். அப்போதும் டிக்கெட்டில் பிடித்த அரசு வரிகளையும் விமானநிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் கேட்டால்தான் வரும், கேளுங்கள்.