‘நே’ எண்டால் ஓமோ, இல்லையோ?

கொரியா வேலைக்கெண்டு மொழி படிக்கிற எங்கட யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. கொரிய மொழியில் ‘நே’ எண்டால் ஓம். பேச்சுச் சிங்களத்தில் ‘நே’ எண்டால் இல்லை. சிங்களத்தில் சொல்லேக்கை வாய் கொஞ்சம் அகலத் திறக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கொழும்பில் இருந்து சிங்களம் பழகினவை இதில் கூடக் கவனமா இருக்கோணும். கொரியர் சொல்லேக்கை சிலவேளை ‘தே’ எண்டும் காதில் விழும், குழம்பாதேங்கோ. குரல் உயர்ந்து ‘நே?’ எண்டால் ‘என்ன சொன்னீங்கள்?’ எண்டு கேட்கினம்.

முக்கியமா இது: ‘சாப்பிடேல்லையோ?’ எண்டு கேட்க ‘நே’ எண்டு சொன்னால், ‘ஓம், சாப்பிடேல்லை’ எண்டுதான் அர்த்தம். அதனால சொல்லைத் தனியப் பாடமாக்காமல், கேள்வியோட சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கோ.